பொறியியல் பட்டத்துக்குப் பிறகு அமெரிக்காவில் விரைவு நர்சிங் படிப்பு: எங்கிருந்து தொடங்குவது?

காவிரிக்கரை:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 35. 2011ஆம் ஆண்டு அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்த ஒரு கல்லூரியில் மின்னணுவியல், தொடர்பியல் பொறியியல் முடித்தேன். மூன்று அரியர்களை எழுதித் தேறியதால் மதிப்பெண் 64 விழுக்காட்டில் நின்றுவிட்டது. இப்போது நியூ ஜெர்சியில் குடும்பத்துடன் வசிக்கிறேன். மென்பொருள் சோதனைப் பணியில் இருக்கிறேன். சென்ற ஆண்டு கிரீன் கார்டு கிடைத்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் மாமியார் இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் இருந்தபோது இரவுகளில் நான்தான் துணைக்கு இருந்தேன். ஐந்தாம் நாள் இரவு அவர் ஊர்ப் பெயர்களை மாற்றிச் சொல்லத் தொடங்கினார். வயதானவர்தானே என்று நான் எண்ணிக்கொண்டிருக்க, பணியில் இருந்த நர்ஸ் ஒருவர் “நேற்று இவர் இப்படிப் பேசவில்லை” என்று சொல்லி, உடனே மருத்துவரை அழைத்தார். சிறுநீர்த் தொற்று என்று தெரிந்து, மருந்து கொடுத்த பின் இரண்டே நாளில் தெளிந்துவிட்டார். அந்த வேலையைத்தான் நான் செய்ய வேண்டும் என்ற எண்ணம் அன்றிலிருந்து என்னை விடவில்லை.

வேறு துறையில் பட்டம் பெற்றவர்கள் விரைவாக நர்சிங் இளங்கலைப் பட்டம் பெறும் ஏபிஎஸ்என் படிப்பைப் பற்றிப் படித்தேன். என் பொறியியல் பட்டத்தை ஏற்பார்களா, பழைய அரியர்கள் வாய்ப்பைக் கெடுக்குமா, படிக்கும்போது பகுதிநேரமாகவாவது வேலை பார்க்க முடியுமா என்று அறிய விரும்புகிறேன். அவசரமாக வாங்கும் பட்டத்துக்கு மதிப்பில்லை என்று உறவினர்கள் சொல்வதும் மனத்தை உறுத்துகிறது.

இரவுப்பணி:

அன்புச் சகோதரி, நான் கோயம்புத்தூரில் எம்.காம். படித்துவிட்டு, இங்கே வந்து இதே வழியில் நர்ஸாகி, எட்டு ஆண்டுகளாக இதய நோயாளிகள் பிரிவில் இரவுப்பணி பார்க்கிறேன். உறவினர்களின் ஐயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். இது நேற்று முளைத்த குறுக்குவழி அன்று. மிசூரியிலுள்ள செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் 1971ஆம் ஆண்டிலேயே இதைத் தொடங்கிவிட்டது. பொதுப் பாடங்களை முதல் பட்டத்திலேயே முடித்துவிட்டீர்கள் என்பதால்தான் காலம் 11 முதல் 18 மாதங்களாகக் குறைகிறதே தவிர, மருத்துவமனைப் பயிற்சி மற்ற மாணவர்களுக்கு உள்ள அளவே உங்களுக்கும் உண்டு. முடிவில் எழுதுவதும் நர்ஸ் உரிமத்துக்கான அதே என்கிளெக்ஸ் தேர்வுதான். ஐந்து மணி நேரத்தில் குறைந்தது 85, அதிகபட்சம் 150 கேள்விகள். கணினி உங்கள் விடைகளைப் பார்த்து அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கும். சேரும் கல்லூரிக்கு மாநில நர்சிங் வாரியத்தின் ஒப்புதலும், நர்சிங் படிப்புகளின் தரத்தைச் சரிபார்க்கும் சிசிஎன்இ அல்லது ஏசென் அமைப்பின் அங்கீகாரமும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பட்டம் நான்கு ஆண்டுப் பட்டம் என்பது பெரிய நன்மை. மூன்று ஆண்டு பி.எஸ்சி., பி.காம். படித்தவர்களுக்கு வரும், அமெரிக்கப் பட்டத்துக்குச் சமமா என்ற சிக்கல் உங்களுக்குப் பெரும்பாலும் வராது. ஆனாலும் மதிப்பெண் பட்டியலை வெளிநாட்டுப் படிப்பை அமெரிக்க முறைப்படி மதிப்பிடும் டபிள்யூஇஎஸ் போன்ற நிறுவனத்திடம் ஒவ்வொரு பாடமாக மதிப்பிடச் செய்ய வேண்டும். வெறும் பட்ட மதிப்பீடு போதாது. பட்டியல் பல்கலைக்கழகத்திலிருந்து நேரடியாகப் போக வேண்டும் என்பதால், ஊரில் அலைந்து அதை வாங்க யாராவது இருக்கிறார்களா என்று இன்றே பாருங்கள்.

அரியர்களைப் பற்றிக் கவலைப்படுவதைவிட, இனி எடுக்கப்போகும் அறிவியல் பாடங்களைப் பற்றிக் கவலைப்படுங்கள் என்பதுதான் என் அழுத்தமான கருத்து. பல கல்லூரிகள் மொத்த ஜிபிஏ (நான்குக்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) 3.0 கேட்கும், ஆனால் சேர்க்கைக் குழு உற்றுப் பார்ப்பது உடற்கூறியலும் உடலியங்கியலும் சேர்ந்த இரண்டு பருவப் பாடங்கள், நுண்ணுயிரியல், வேதியியல், புள்ளியியல், வளர்ச்சி உளவியல், சத்துணவு ஆகிய, சேருமுன் முடிக்க வேண்டிய முன்தகுதிப் பாடங்களில் நீங்கள் பெறும் மதிப்பெண்ணைத்தான். பொறியியல் கணிதம் படித்திருந்தாலும் புள்ளியியலைத் தனிப் பாடமாகக் காட்டச் சொல்லும் இடங்கள் உண்டு. உள்ளூர் இரண்டு ஆண்டுக் கல்லூரியான கம்யூனிட்டி கல்லூரியில் ஆய்வகத்துடன் படியுங்கள். ஒரு பருவத்துக்கு இரண்டு பாடங்களுக்கு மேல் எடுக்காதீர்கள். விரைவுப் படிப்பில் சேரப்போகிறோம் என்பதற்காக முன்தகுதிப் பாடங்களையும் விரைந்து முடிக்க நினைத்து, சி கிரேடு வாங்கி, ஓராண்டு இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வேலையைப் பொறுத்தவரை, முன்தகுதிப் பாடங்கள் படிக்கும்போது பாருங்கள். ஏபிஎஸ்என் தொடங்கிய பிறகு விட்டுவிடுங்கள். காலை ஆறே முக்காலுக்கு வார்டில் நின்று, 12 மணி நேரம் பயிற்சி முடித்து, மறுநாள் மருந்தியல் தேர்வு எழுத வேண்டியிருக்கும். உங்கள் வீட்டில் சமையலையும் பிள்ளைகளையும் யார் பார்ப்பார்கள் என்பதைச் சேர்க்கைக் கடிதம் வருவதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் பிறந்தவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பும் உண்டு. பயிற்சிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை கேட்பார்கள். சிறுவயதில் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்ட நமக்குத் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனை தவறாக நேர்மறை காட்டக்கூடும். அதனால் இரத்தப் பரிசோதனையாகச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஹெபடைட்டிஸ் பி எதிர்ப்பு இல்லையென்றால், வழக்கமான மூன்று தவணை ஊசிக்கு ஆறு மாதம் ஆகும். அதை இப்போதே தொடங்கலாம்.

மலைக்கோட்டை:

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆயினும் வேறொரு வழியும் இருக்கிறது என்பதைச் சகோதரி அறிய வேண்டும். நான் ஏபிஎஸ்என் படிப்புக்கு மூன்று இடங்களில் விண்ணப்பித்தேன். ஓரிடத்தில், என் உடற்கூறியல் பாடம் ஐந்து ஆண்டுகளுக்கு முந்தையது என்பதால் செல்லாது என்று கூறிவிட்டார்கள். அந்த விதி அவர்களுடைய இணையப் பக்கத்திலேயே எழுதியிருந்தும் நான் கவனிக்கவில்லை. மற்ற இரண்டிலும் காத்திருப்போர் பட்டியலில்தான் என் பெயர் இருந்தது. இறுதியில் கம்யூனிட்டி கல்லூரியின் இரண்டு ஆண்டு அசோசியேட் படிப்பில் சேர்ந்தேன். அதில் படிப்பவர்களும் அதே என்கிளெக்ஸ் எழுதி, பதிவு பெற்ற நர்ஸ் என்பதற்கான அதே ஆர்என் உரிமம் பெறுகிறார்கள். கட்டணம் ஏபிஎஸ்என் படிப்பில் கேட்கப்பட்டதில் ஒரு சிறு பகுதிதான். பெரிய மருத்துவமனைகள் சில பிஎஸ்என் என்ற இளங்கலை நர்சிங் பட்டத்தையே விரும்புகின்றன என்பது உண்மை. அதை நான் பணியில் சேர்ந்த பின் இணையவழியில் முடித்தேன். ஏபிஎஸ்என் கிடைத்தால் சேருங்கள். அதற்காகவே ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று: பல இடங்களில் டீஸ் அல்லது ஹெசி என்ற நுழைவுத் தேர்வு உண்டு. டீஸ் தேர்வில் 209 நிமிடங்களில் 170 கேள்விகள். கணிதம் உங்களுக்கு எளிது. அறிவியல் பகுதியை உடலியங்கியல் பாடம் முடித்த சூட்டோடு எழுதிவிடுங்கள்.

கணக்குப்பிள்ளை:

பணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றவர்களுக்கு, அது இந்தியப் பட்டமாக இருந்தாலும், பெல் என்ற கூட்டாட்சி அரசின் உதவித்தொகை கிடையாது. கிரீன் கார்டு உள்ளதால் ஃபாஃப்சா என்ற அரசுக் கல்வி உதவி விண்ணப்பத்தை நிரப்பி அரசுக் கடன் பெறலாம். மூன்றாம் ஆண்டிலோ அதற்கு மேலோ உள்ள, பெற்றோரைச் சாராத மாணவருக்கு ஓராண்டு உச்சவரம்பு 12,500 டாலர். பல தனியார் கல்லூரிகளில் கட்டணம் இதைப்போல் பல மடங்கு என்பதால், மீதிக்கு என்ன வழி என்பதைச் சேருமுன் எழுதிக் கணக்கிடுங்கள். கூட்டாட்சி அரசின் நர்ஸ் கோர் உதவித்தொகைக்கும் கிரீன் கார்டு பெற்றவர்கள் விண்ணப்பிக்கலாம். கட்டணத்தை அவர்களே ஏற்றுக்கொண்டு, பதிலுக்கு நர்ஸ் பற்றாக்குறையுள்ள இடத்தில் குறைந்தது இரண்டு ஆண்டு முழுநேரப் பணி கேட்பார்கள். போட்டி கடுமை, இருந்தாலும் விண்ணப்பியுங்கள்.

காவிரிக்கரை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இந்தப் பருவத்தில் வேதியியலும் புள்ளியியலும் எடுக்கிறேன். அடுத்த இரண்டு பருவங்களிலும் உடற்கூறியல். திருச்சியில் உள்ள என் தம்பி மதிப்பெண் பட்டியலுக்கு விண்ணப்பிப்பதாகச் சொல்லியிருக்கிறான். அக்கா, ஒன்றே ஒன்று கேட்கிறேன்: விண்ணப்பக் கட்டுரையில் பொறியியலை ஏன் விட்டேன் என்பதை எவ்வளவு விளக்க வேண்டும்?

இரவுப்பணி:

இரண்டு வரி போதும், தங்கையே. பொறியியலைக் குறைத்துப் பேச வேண்டாம். தவறு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடும் சோதனைப் பணி, நோயாளியிடம் நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள மாற்றத்தைக் கவனிக்கும் வேலைக்கு அயலானது அன்று. மீதி இடத்தில் உங்கள் மாமியாரின் ஐந்தாம் நாள் இரவை, இங்கே எழுதியபடியே எழுதுங்கள். சேவை, தியாகம் போன்ற சொற்களை அதில் சேர்க்காதீர்கள். அந்த நர்ஸ் என்ன கவனித்தார், நீங்கள் எதைக் கவனிக்கத் தவறினீர்கள் என்பதை அப்படியே வையுங்கள். எழுதி முடித்ததும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்; பகலில் தூங்கி எழுந்ததும் படித்துச் சொல்கிறேன்.