ஓநாய்க் கலப்புக் குட்டி வாங்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

மழைக்குருவி:
வணக்கம். எனக்குத் தெரிந்த ஒருவரிடம் ஓநாய்க்கும் நாய்க்கும் பிறந்த குட்டி இருக்கிறது, ஆறு வாரம் ஆகிறது. மடியில் போட்டதும் தூங்கிவிட்டது, எனக்கு மனசே வரவில்லை கீழே விட. அன்பாக வளர்த்தால் நாய் மாதிரியே இருக்கும் என்கிறார். வீட்டில் நான்கு வயது மகளும் ஒரு பூனையும் இருக்கிறார்கள், பின்பக்கம் ஐந்தடிச் சுவர். போதுமா?

காட்டுத்தடம்:
வேண்டாம் சகோதரி. ஒன்றை ஒன்பது வருடம் வளர்த்தவன் சொல்கிறேன். முதல் ஒன்றரை வருடம் அவனைப் போல ஒரு செல்லம் கிடையாது. ஓநாய் முழு வளர்ச்சி அடைய இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும், அதனால் ஆறு வாரக் குட்டியைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. இரண்டாவது குளிர்காலத்தில்தான் மாறினான், அது ஓநாய்களின் இனச்சேர்க்கைக் காலம். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போனால் உறுமினான், என் மனைவியை நகரவிடாமல் வழிமறித்தான். கெட்டவன் இல்லை, அவன் இயல்பு அது. ஐந்தடிச் சுவரை ஏறிக் குதித்துவிடும். நான் எட்டடிக் கம்பி வேலி போட்டு, மண்ணுக்கு அடியிலும் வலை பதித்தேன், தோண்டி வெளியே போய்விடும் என்பதால். ஒன்பது வருடத்தில் ஒரு நாள்கூட அவனை வேறு யாரிடமும் விட்டுவிட்டு வெளியூர் போக முடிந்ததில்லை. பூனை, ஓடி விழுந்து கத்துகிற சின்னக் குழந்தை, இரண்டுமே அதன் வேட்டைக் குணத்தைத் தூண்டிவிடும்.

ஊசிமருந்து:
கால்நடை மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். எல்லாரும் மறந்துவிடுகிற விஷயம் ரேபிஸ். நாய்க்குப் போடுகிற தடுப்பூசியைக் கலப்புக்கும் போடலாம்தான், ஆனால் அமெரிக்காவில் ஓநாய்க் கலப்புக்கென்று அனுமதி பெற்ற ரேபிஸ் தடுப்பூசி எதுவும் இல்லை. நாய் யாரையாவது கடித்தால் 10 நாள் கண்காணிப்பில் வைத்துப் பார்ப்பார்கள். கலப்பு கடித்தால் அந்தச் சலுகை கிடைக்காமல் போகலாம், கொன்று மூளையைப் பரிசோதிப்பதும் நடக்கிறது. விளையாட்டாகப் பல் பட்டதற்கு அதன் உயிர் போகும், அதை யோசித்துப் பாருங்கள். சட்டமும் இடத்துக்கு இடம் மாறும். பிரிட்டனில் முதல் இரண்டு தலைமுறைக் கலப்புக்கு உரிமம் இல்லாமல் வளர்க்க முடியாது. உங்கள் பகுதியில் என்ன விதி என்று குட்டியைத் தொடுவதற்கு முன்பே கேளுங்கள்.

நீலவால்:
ஊசிமருந்து சொன்னது சரி. இன்னொன்று, 'பாதிக்கு மேல் ஓநாய்' என்று விற்கிற பல குட்டிகள் மலாமுட், ஹஸ்கி, ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற நாய் இனங்களின் கலப்புதான். மரபணுப் பரிசோதனை செய்யாமல் நம்ப வேண்டாம். அப்புறம், காவலுக்கு என்று நினைத்தால் அதுவும் நடக்காது. ஓநாய் புதியவர்களைக் கண்டால் ஒதுங்கும், ஒளியும், மிரண்ட மிருகம்தான் கடிக்கும். செக்கோஸ்லோவாகிய ஓநாய்நாயை 1955இல் ஜெர்மன் ஷெப்பர்டையும் கார்பாத்திய ஓநாயையும் கலந்து உருவாக்கத் தொடங்கினார்கள், இத்தனை தலைமுறைக்குப் பிறகும் அது முதல்முறை நாய் வளர்ப்பவருக்கான இனம் இல்லை.

மழைக்குருவி:
எல்லாருக்கும் நன்றி. மகளை நினைத்தால் பயமாக இருக்கிறது, வாங்கப் போவதில்லை. ஆனால் நான் வாங்காவிட்டால் வேறு யாராவது வாங்குவார்கள், அந்தக் குட்டிக்கு என்ன ஆகும்?

காட்டுத்தடம்:
பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். கலப்புதான் என்று தெரிந்தால், இவற்றைப் பராமரிக்கும் காப்பகம் ஏதாவது இடம் தருமா என்று இப்போதே கேளுங்கள். வளர்ந்த பிறகு இடம் கிடைப்பது மிகவும் கஷ்டம். அந்த நபரிடம் பேச நான் உதவுகிறேன், தனிச்செய்தி அனுப்புங்கள்.