பால்ட்டிமோருக்குப் போன திருமலைப் பிள்ளைகள் முதல் செமஸ்டரிலேயே பழக வேண்டியது

அமெரிக்காவின் பால்ட்டிமோரில் இருக்கும் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மாஸ்டர்ஸ் தொடங்கிய தங்கச்சி, "அறை, பஸ், அரிசி எல்லாம் சரி அண்ணா, வகுப்புத்தான் பயம்" என்று எழுதியிருந்தீர்கள். அங்கே படித்துவிட்டுத் திருகோணமலை உப்புவெளிக்குத் திரும்பி வந்தவன் என்பதால் சொல்கிறேன்.

முதலில் விசா. படிப்புத் தொடங்கும் திகதியிலிருந்து 30 நாளுக்குள் உங்கள் பதிவு முடிந்திருக்க வேண்டும், சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு இன்றே போங்கள். செமஸ்டர் நடக்கும்போது கம்பஸுக்குள் கிழமைக்கு 20 மணித்தியாலம்தான் வேலை. வெளியே கடையில் காசுக்கு நிற்கவே வேண்டாம்.

இனி வகுப்பு. நாங்கள் ரியூஷன் கொட்டிலில் நெருக்கியடித்து இருந்து, சேர் சொல்லச் சொல்ல எழுதிப் பழகியவர்கள். நானும் அங்கே கடைசி வரிசையில் இருந்து ஒரு எழுத்து விடாமல் கொப்பியில் இறக்கினேன். ஒருநாள் பேராசிரியர் அந்தக் கொப்பியை வாங்கிப் புரட்டினார், வெறுமையாகக் கிடந்த ஓரத்தைப் பென்சிலால் தட்டி, "இதில் உம்முடைய கேள்வி எங்கே?" என்றார்.

அந்த இடமே அப்படித்தான். ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் என்ற வணிகர் 1873இல் இறந்தபோது விட்டுப்போன 70 இலட்சம் டொலரில் பாதி பல்கலைக்கழகத்துக்கு, பாதி மருத்துவமனைக்கு. 1876இல் பதவியேற்ற பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் டேனியல் கில்மன், ஜெர்மன் பல்கலைக்கழகங்களைப் பார்த்து, படிப்பிக்கிறவர் ஆராயவும் வேண்டும், மாணவரும் கூட இருந்து ஆராய வேண்டும் என்று அதைக் கட்டினார். அமெரிக்காவின் முதல் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் என்பது அதனால்தான். 1893இல் திறந்த மருத்துவப் பள்ளி முதல் நாளிலிருந்தே பெண்களை ஆண்களுக்குச் சமமாகச் சேர்த்தது, மேரி கரெட் என்ற பெண் தன் பணத்தோடு போட்ட நிபந்தனை அது. ஆகவே அங்கே வகுப்பு மேசையில் நீங்கள் கூச்சப்பட ஒரு காரணமும் இல்லை.

பாடத்திட்டத் தாளில் பேராசிரியரைச் சந்திக்கும் நேரம் போட்டிருக்கும். ஒரே ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு போங்கள், முட்டாள்தனமான கேள்வி என்று தோன்றினாலும் போங்கள். ஆய்வுகூடத்தில் இடம் இருக்கிறதா என்று விசாரிப்பதும் அந்தக் கதவடியில்தான். பிறகு கலாநிதிப் படிப்புக்குப் போனால் பெரும்பாலும் கட்டணம் இல்லை, செலவுக்குப் படியும் தருவார்கள், ஆனால் பரிந்துரைக் கடிதம் எழுதுகிறவருக்கு உங்கள் முகம் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

இந்தக் கிழமையே போய்விட்டு, என்ன கேட்டீர்கள் என்று இங்கே எழுதுங்கள், பார்த்துக்கொண்டிருப்பேன்.