கணினிக்குப் போட்ட பணம் யார் கணக்கில் திரும்பியது?

மாங்கூழ் ஆலைக் கணக்கர், கிருஷ்ணகிரி:
எடைமேடையையும் கணக்குப் பிரிவையும் இணைக்கும் மென்பொருள் வந்த பருவம் முடிந்ததும், அதை விற்றவர் ஒரு தாளை நீட்டினார். மிச்சமான எழுத்தர் நேரத்தைச் சம்பளத்தால் பெருக்கி, அவ்வளவும் லாபம் என்று எழுதியிருந்தார். முதலாளி படித்துவிட்டு, "இரண்டு எழுத்தர்களும் இங்கேதான் இருக்கிறார்கள், சம்பளமும் கொடுக்கிறேன், மிச்சமான பணம் எந்தப் பெட்டியில் இருக்கிறது?" என்று கேட்டார். விற்றவரிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. ஏனெனில், பெங்களூரா மாம்பழம் ஏற்றிய லாரிகள் இரவெல்லாம் வாசலில் நிற்பது குறைந்ததை நான் கண்ணால் பார்த்தேன், ஆனால் எங்கள் பேரேட்டில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

உதிரிபாகத் தொழிற்சாலை ஊழியர், ஓசூர்:
பேரேட்டில் இல்லாததால் பயனே இல்லை என்று முடிவு கட்டுவதை நான் ஏற்கவில்லை. கணினி யுகம் எங்கும் தெரிகிறது, உற்பத்தித்திறன் புள்ளிவிவரத்தில் மட்டும் தெரியவில்லை என்று 1987இல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ராபர்ட் சோலோ எழுதினார். 1996இல் லோரின் ஹிட், எரிக் பிரின்யோல்ஃப்சன் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்க நிறுவனங்களை ஆராய்ந்து, உற்பத்தித்திறன் உயர்ந்தது, நுகர்வோரும் பயனடைந்தனர், லாபம் கூடியதற்கு மட்டும் சான்றில்லை என்றனர். உங்கள் ஆலையிலும் காத்திருப்புக் கூலி மிச்சமானது விவசாயிக்கும் வண்டிக்காரருக்கும்தான். எங்களிடம் கணினி வந்தபின், கடன் வாங்கி வைத்திருந்த கிடங்கு இருப்பு குறைந்ததால் வங்கிக்குக் கட்டும் வட்டி குறைந்தது. அதை ரூபாயிலேயே காட்ட முடிந்தது.

வேளாண் கருவி விற்பனையாளர், தருமபுரி:
ரசீதுகள் கணினிக்கு மாறிய பின் எங்கள் கடையில் கடன் பாக்கி விரைவாக வசூலாகிறது. என் அனுபவம் அவ்வளவுதான். மாங்கூழ் நண்பருக்கு ஒன்று சொல்ல வேண்டும். மா விளைச்சல் ஆண்டுக்கு ஆண்டு கூடிக் குறையும் என்பதால், இரண்டு பருவங்களின் மொத்தத் தொகையை ஒப்பிடாதீர்கள், டன்னுக்கு எவ்வளவு என்று பாருங்கள். வாயில் பதிவேட்டில் வண்டி வந்த நேரமும், பழத்தை இறக்கியபின் வெற்று வண்டியை எடை போட்ட சீட்டின் நேரமும் இருக்கும். பழைய சீட்டுகள் காகிதக் கடைக்குப் போகுமுன் அவற்றிலிருந்து காத்திருப்பு நேரத்தை எடுத்து வையுங்கள். காத்திருந்த லாரியில் அழுகிக் கழித்த பழத்தையும் சேருங்கள், அது ஆலையின் சொந்தப் பணம். செலவுப் பக்கத்தில் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தையும், பருவ நெருக்கடியில் பயிற்சிக்குப் போன நாட்களையும் விடாதீர்கள். பழம் குறைந்த ஆண்டிலும் உங்கள் வாசலைத் தேடி வந்த விவசாயிகள் எத்தனை பேர் என்பதையும் எண்ணுங்கள்.

மாங்கூழ் ஆலைக் கணக்கர், கிருஷ்ணகிரி:
சீட்டுகள் பத்திரமாக உள்ளன. அழுகல் கணக்கைக் கட்டாயம் எடுப்பேன். ஆனால் விவசாயி திரும்பி வருவதற்கு நாங்கள் தரும் விலையும் காரணம் என்பதால், அதை முழுவதும் மென்பொருளின் பெயரில் எழுத என் மனம் ஒப்பவில்லை.