நாற்பதில் பாதி: கிராணி ஐயாவின் குறுக்கெழுத்து

எல்லாரும் புதிர் அனுபவம் எழுதுகிறீர்கள், என் பங்குக்கு எங்கள் ஊர்க் கதை. நான் இருப்பது மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட். ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பர், இப்போது பார்க்கும் பக்கமெல்லாம் செம்பனை. டவுனில் தையல் கடை வைத்திருக்கிறேன். பக்கத்துக் கோப்பிக் கடைக்குப் பசியாற வரும் கிராணி ஐயா ஒருவர், தோட்டத்து எழுத்தர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தே ஓ (பாலில்லாத் தேநீர்) குடித்துவிட்டு என் கடை பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து போவார். குறுக்கெழுத்துப் பைத்தியத்தை எனக்குப் பிடிக்க வைத்தவர் அவர்தான்.

அவர் புதிர் போடுவது பழைய செக்ரோல் தாளில். தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, வந்த ஆட்களுக்கு நாளுக்கு ஒரு கட்டமாகப் பேர் போடுவார்களே, அந்தத் தாள். கட்டம் ஏற்கெனவே அச்சில் இருப்பதால் கறுப்பாக வேண்டியதை மட்டும் மையால் அடைத்துவிடுவார். கீழே குறிப்புகள், குண்டு குண்டான கையெழுத்தில்.

'யானைக்கு வேறு பெயர்' என்று கேட்கும் வகை இல்லை இது. ஒவ்வொரு குறிப்பிலும் இரண்டு பங்கு. ஒரு முனையில் விடையின் நேர்ப்பொருள் இருக்கும். மிச்சம் அதே விடையை எழுத்து எழுத்தாகக் கட்டும் வழி. இரண்டையும் ஒட்டுத் தெரியாமல் ஒரே வாக்கியமாக்கிவிடுவார்கள். இங்கிலாந்தில் 1926 முதல் அப்சர்வர் பத்திரிகையில் டார்க்கிமாடா என்ற புனைபெயரில் ஒருவர் இப்படிப் போட்டுப் பேர் வாங்கினார். பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே பாட்டில் சிலேடை பாடிய காளமேகப் புலவரைப் படித்த நமக்கு இது அந்நியமாகவே தோன்றக் கூடாது என்பது என் எண்ணம்.

ஒன்று சொல்கிறேன், அடைப்புக்குறிக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை. 'கடையில்லாக் கதவு மரத்துக்குள் போனால் பச்சைக் கல் (5).' நேர்ப்பொருள் பச்சைக் கல். கடை என்றதும் சாமான் வாங்கும் கடை நினைவுக்கு வருகிறது அல்லவா, அங்கேதான் மாட்டுகிறோம். இது கடைசி எழுத்து. கதவில் வு போனால் கத. அதை மரம் என்ற சொல்லுக்குள் நுழைத்தால் மர, கத, ம். மரகதம்! மெய்யெழுத்துக்கும் தனிக் கட்டம், அதனால் ஐந்து.

அடுத்தது 'பகல் கண்டு முதலை விட்ட இனிப்பு (5)'. முதலை என்றால் தண்ணீரில் கிடப்பதல்ல, முதல் எழுத்தை. ப போனால் கல்கண்டு. கோப்பிக் கடை அண்ணன் 'கற்கண்டு' என்றுதான் எழுத வேண்டும் என்று விடாமல் வாதாடினார். இலக்கணப்படி அவர் சொன்னது சரி. ஆனால் பகலுக்குள் இருப்பது ல். குறிப்பு எந்த எழுத்தைக் கொடுக்கிறதோ அதைத்தான் கட்டத்தில் போட வேண்டும். கல்கண்டு என்றும் நாம் சொல்கிறோம், எழுதுகிறோம், அதனால் குறிப்பிலும் பிழையில்லை.

இப்போது எங்களைப் படாத பாடு படுத்திய குறிப்புக்கு வருகிறேன். 'நாற்பதில் பாதி காலி, உட்கார இடம் (4).'

படித்ததும் எல்லார் கண்ணிலும் ஈப்போ பஸ்தான் ஓடியது. நாற்பது சீட்டில் பாதி காலி, ஏறினால் உட்காரலாம். நாற்பதில் பாதி இருபது. எண்ணிப் பாருங்கள், இ, ரு, ப, து, கச்சிதமாக நான்கு கட்டம்! ஆனால் அதற்கும் உட்காருவதற்கும் என்ன சம்பந்தம்? பெஞ்சில் இருந்தவர்கள் பஸ், தியேட்டர், கல்யாண மண்டபம் எல்லாம் சுற்றி வந்தார்கள். ஐயா வாயைத் திறக்கவில்லை.

மேலிருந்து கீழாக 'கூலி' விழுந்த பிறகுதான் வழி பிறந்தது. அதன் லி எங்கள் நான்காவது கட்டத்தில் வந்து நின்றது, இருபது அடிபட்டுப் போனது. தமிழ்க் குறுக்கெழுத்தில் எனக்கு ரொம்பப் பிடித்ததே இதுதான். நம்மிடம் 247 எழுத்து. லி என்று ஒன்று கிடைத்தால் மெய்யும் உயிரும் சேர்ந்தே கிடைத்த மாதிரி. லியில் முடியும் சொற்களை யோசித்துக்கொண்டே குறிப்பைத் திரும்பப் பார்த்தால், 'காலி' அங்கேயே நிற்கிறது! அப்படியானால் மிச்சம் இரண்டு கட்டம் நாற்பதில் பாதி. எப்படி?

"நாற்பதுன்னா எண்ணு இல்லம்மா, நாலு எழுத்து" என்றார் ஐயா.

நா, ற், ப, து. பாதி நாற். காலியைச் சேர்த்தால் நாற்காலி.

இவ்வளவு நேர்மையான குறிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு சொல்கூட வீணில்லை, ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கணக்குப் போட்டது நாம்தான், அவர் போடச் சொல்லவே இல்லை. அப்புறம் நான் எந்தக் குறிப்பைப் பார்த்தாலும் முதலில் காட்சியை மறந்துவிட்டு ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக, இது பொருளா வெறும் எழுத்தா என்று கேட்கிறேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நன்னூலும் கை கொடுக்கும். தமிழ்ச் சொல்லின் முதலில் ண, ற, ள வராது, கடைசியில் க், ட், ற் போன்ற வல்லின மெய் வராது. ஒரு சொல்லின் முதல் கட்டத்தில் றா வந்து விழுந்தால், அதை வெட்டிப் போகும் சொல்லைத்தான் சந்தேகப்பட வேண்டும். கடன் வாங்கிய சொற்களுக்கு இது பொருந்தாது.

போன வாரத் தாளிலிருந்து ஒன்று உங்களுக்கு: 'மரத்தின் முதலில் துரை நிற்கும் ஊர் (3).' விடையை மட்டும் போடாதீர்கள், எப்படிப் பிரித்தீர்கள் என்றும் எழுதுங்கள். ஐயாவிடம் படித்துக் காட்ட வேண்டும்.