எஸ்டேட் சேலில் வட்டத் திரைத் தொலைக்காட்சி: என்ன மாடல்? அவசரம்

மரப்பெட்டி:
வணக்கம். இன்று மாலை ஓர் எஸ்டேட் சேலில் (ஒரு வீட்டின் உடைமைகளை மொத்தமாக விற்கும் விற்பனை) பழைய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றைப் பார்த்தேன். தரையில் நிற்கும் பெரிய மரப்பெட்டி, வட்டத் திரை. பெயர்த் தகடு விழுந்துவிட்டது, பசைத் தடம் மட்டும் இருக்கிறது. திரை கெட்டுவிட்டதுபோல் தெரிகிறது. இது எந்த ஆண்டுப் பெட்டி, என்ன மாடல்? வாங்கலாமா? காலையில் போனால் மின்சாரம் கொடுத்துக் காட்டுவார்களாம். நாளை மதியத்தோடு விற்பனை முடிகிறது. தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

அலைவரிசை13:
எந்த நாட்டில் இருக்கிறீர்கள்? திரையின் அகலம் என்ன? அலைவரிசை மாற்றும் குமிழில் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை இருக்கிறது? கெட்டுவிட்டது என்றால் விரிசலா, கீறலா, கறையா? படம் இருந்தால் போடுங்கள்.

வால்வு விரும்பி:
வட்டத் திரை என்றாலே இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு வந்த பெட்டிதான். என் கணிப்பு, ஆர்சிஏ என்ற அமெரிக்க நிறுவனத்தின் 630-டிஎஸ். 1946இல் வந்தது, பத்து அங்குலத் திரை, முப்பது வால்வுகள் (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிச் சாதனங்கள்). யோசிக்காமல் வாங்குங்கள்.

கண்ணாடிக்குழாய்:
630-டிஎஸ் மேசைமேல் வைக்கும் பெட்டி. தரையில் நிற்கிறது என்று அவர் எழுதியிருக்கிறார். கேள்வியை முழுதாகப் படித்த பிறகு பதில் சொல்லும் வழக்கம் இங்கே எப்போது வருமோ தெரியவில்லை. மரப்பெட்டி ஐயா, உங்களுக்கும்தான்: அகலம் சொல்லாமல், எண்கள் சொல்லாமல் மாடல் கேட்பது, முகவரி எழுதாத கடிதத்தைத் தபாலில் போடுவது மாதிரி.

திருப்புளி:
மாடல் எதுவாகவும் இருக்கட்டும், மின்சாரம் மட்டும் கொடுக்க விடாதீர்கள். பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்த பெட்டியில் எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிகள் உள்ளுக்குள் கெட்டுப் போயிருக்கும். ஒன்று ஷார்ட் ஆனால் மின்மாற்றியும் சேர்ந்து எரியும். தேடினாலும் வேறு கிடைக்காத மின்மாற்றி அது. ஐந்து நொடி ஆசைப்பட்டு ஒரு நல்ல பெட்டியை நானே எரித்திருக்கிறேன், அந்தப் புகை நாற்றம் இன்னும் மறக்கவில்லை. பின்பலகையையும் கழற்ற வேண்டாம். அணைத்துவிட்ட பிறகும் படக்குழாய் மின்னேற்றத்தைத் தேக்கி வைத்திருக்கும். தவிர, அது காற்று நீக்கிய கண்ணாடி. குழாயின் கழுத்தில் அடிபட்டால் போயிற்று.

மரப்பெட்டி:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். அமெரிக்கா. டேப் இல்லை, கையால் அளந்தேன்: ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதல். குமிழில் 2 முதல் 13 வரை. வேறு பெரிய குமிழ் இல்லை. கீழே ஒரு சிறு மூடிக்குள் நான்கைந்து சின்னக் குமிழ்கள், எழுத்து அழிந்துவிட்டது. திரையின் ஓரம் நெடுகப் பூஞ்சை பூத்ததுபோல் வெள்ளைப் புள்ளிகள். ஈரத் துணியால் துடைத்தேன், போகவில்லை.

கண்ணாடிக்குழாய்:
இதை முதலிலேயே எழுதியிருந்தால் பாதி இழை மிச்சம். குமிழில் 1 இல்லை. அந்த அலைவரிசையை அமெரிக்காவில் 1948இல் தொலைக்காட்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள், ஆகவே பெட்டி அதற்குப் பிந்தையது. 14 முதல் 83 வரையுள்ள உயர் அதிர்வெண் (யுஎச்எஃப்) அலைவரிசைகளுக்கான குமிழும் இல்லை. 1964 ஏப்ரல் கடைசியிலிருந்து தயாரான பெட்டிகளுக்கு அது கட்டாயம், ஆகவே பெட்டி அதற்கு முந்தையது. கறுப்பு வெள்ளையில் 1950களின் தொடக்கத்திலேயே செவ்வகத் திரை வந்துவிட்டது. வண்ணத்தில் மட்டும் 1960களின் நடுப்பகுதி வரை வட்டம் நீடித்தது. ஒரு முழத்துக்கு மேல் வட்டம் என்றால் 21 அங்குல வண்ணப் பெட்டி.

வால்வு விரும்பி:
வண்ணமா! அப்படியானால் ஆர்சிஏ சிடி-100, 1954!

அலைவரிசை13:
அதன் படக்குழாய் 15 அங்குலம். முழம் எட்டாது. மரப்பெட்டி நண்பரே, அந்தப் புள்ளிகள் பூஞ்சை அல்ல. படக்குழாயின் முகத்துக்கும் பாதுகாப்புக் கண்ணாடிக்கும் நடுவே உள்ள ஒட்டுப்படலம் ஓரத்திலிருந்து சிதைந்து வருகிறது. கண்புரை என்றே இதைச் சொல்வார்கள். கண்ணாடிக்கு உள்ளே இருப்பதைத் துணி எப்படித் துடைக்கும்? குழாய் கெட்டதற்கு அது அடையாளமே இல்லை. பொறுமை உள்ளவர்கள் சூடேற்றிக் கண்ணாடியைப் பிரித்து, படலத்தை எடுத்துவிட்டு மறுபடி ஒட்டுகிறார்கள்.

நீலச்சட்டம்:
இவ்வளவு சிரமம் எதற்கு? ஒளிபரப்பும் டிஜிட்டலுக்கு மாறிவிட்டது. உள்ளே இருப்பதை எடுத்துவிட்டுத் தட்டைத் திரை ஒன்றைப் பொருத்தினால் பெட்டியும் அழகு, படமும் வரும்.

திருப்புளி:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரு மாடுலேட்டர் (படத்தைப் பழைய தொலைக்காட்சி அலையாக மாற்றும் சிறு கருவி) வைத்தால் 3ஆம் அலைவரிசையில் எந்தப் படத்தையும் கொடுக்கலாம். குடலை உருவி எறிந்த பிறகு அது வெறும் அலமாரி.

கண்ணாடிக்குழாய்:
புது மின்தேக்கி போடுவதும் ஓர் அளவுக்குக் குடலை உருவுவதுதான்.

திருப்புளி:
இல்லை ஐயா. பழைய மின்தேக்கியின் அலுமினியக் குப்பியை அடியில் அறுத்து, உள்ளிருப்பதைச் சுரண்டி எடுத்து, விரல்கணு அளவுள்ள புது மின்தேக்கிகளை அதற்குள் வைத்து மூடுகிறேன். மேலிருந்து பார்த்தால் அச்சிட்ட எழுத்துகூட மாறியிருக்காது. ஒரு குப்பிக்கு ஒரு மாலை போய்விடும், போகட்டும்.

கண்ணாடிக்குழாய்:
அதற்குப் பழசை அப்படியே விட்டு, பெட்டியை ஓட்டாமல் வைத்திருப்பதே நேர்மை.

அலைவரிசை13:
இந்த வழக்கைத் தனி இழையில் நடத்துங்கள், அவருக்கு நேரம் இல்லை. மரப்பெட்டி, காலையில் டார்ச் எடுத்துப் போங்கள். பின்பலகையின் காற்றுத் துளைகள் வழியாகக் குழாயின் மேல் உள்ள எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் திரையின் அங்குலம். கடைசியில் பி4 என்றால் கறுப்பு வெள்ளை, பி22 என்றால் வண்ணம். தகடு விழுந்தாலும் குழாய் சொல்லும்.

மரப்பெட்டி:
21எஃப்பிபி22. மின்சாரம் கொடுக்கவில்லை. வாங்கிவிட்டேன், தூக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. எல்லோருக்கும் நன்றி.

வால்வு விரும்பி:
வாழ்த்துகள்! என் இரண்டு கணிப்பும் தவறிப் போனதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

அலைவரிசை13:
அப்படியானால் 1960களின் முற்பகுதி. குழாயை மட்டும் வைத்து நிறுவனத்தை முடிவு செய்ய முடியாது, ஆர்சிஏவின் குழாய்களை மற்றவர்களும் போட்டார்கள். குழாயும் பழுதில் மாற்றப்பட்டிருக்கலாம். பெட்டியின் உட்புறம் வால்வுகளின் இடம் காட்டும் ஒட்டுத்தாள் இருக்கும். அதில் சிடிசி என்று தொடங்கும் எண் இருந்தால் ஆர்சிஏ. பார்த்துச் சொல்லுங்கள்.

திருப்புளி:
மூன்று வாரம் ஆயிற்று. மரப்பெட்டி, ஒட்டுத்தாள் கிடைத்ததா?