பெரிய விமானத்துக்குப் பின்னால் இறங்குவது பற்றி ஒரு உதவி

வணக்கம். சொந்த ஊர் காவேரிப்பட்டணம். செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தில் ஓட்டப் பழகுகிறேன். லீவுக்கு வீட்டுக்கு வந்தும் போன வாரம் நடந்தது மனதை விட்டுப் போகவில்லை. ஒரு ஏடிஆர் பயணிகள் விமானத்துக்குப் பின்னால் இறங்கும்போது, சுமார் 200 அடியில் இடது இறக்கை சட்டென்று சாய்ந்தது. வலப்பக்கம் முழுசாகத் திருப்பியும் உடனே நிமிரவில்லை. பயிற்சியாளர் பவர் கொடுத்து மேலே ஏற்றினார். முன்னால் போகும் விமானத்தின் இரண்டு இறக்கை நுனியிலிருந்தும் சுழல் காற்று பின்னால் வருமாம்; லேசான பக்கக் காற்றில்தான் அதில் ஒரு சுழல் ஓடுபாதை மேலேயே நின்றுவிடுமாம்.

இறக்கை நுனிச் சுழல் நிமிடத்துக்கு 300 முதல் 500 அடி வரை கீழே இறங்கும். அதனால் முன்னால் போனதன் பாதைக்கு மேலேயே வந்து, அது தரை தொட்ட இடத்தைத் தாண்டி இறங்கு என்கிறார்கள். சரி, அந்த இடத்தை நாலைந்து மைல் பின்னால் இருந்து எப்படிக் கணிப்பது? ஓட்டும் அண்ணன்கள், அக்காக்கள் சொல்லுங்கள். அடுத்த புதன்கிழமை திரும்பப் பறக்கிறேன்.