ஒருதரப்பு ஜிஎஸ்டி உத்தரவு: ஐகோர்ட்டில் ரிட் போடுவதா, பணத்தைக் கட்டிவிட்டுப் போவதா?

பாலாற்றங்கரை

குடியாத்தத்தில் என் சித்தப்பா ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். பெயிண்ட், சிமெண்ட், பைப் சாமான். போன வாரம் பெயிண்ட் கம்பெனிக்குக் கொடுத்த செக் திரும்பி வந்துவிட்டது. பேங்கில் போய்க் கேட்டால் கணக்கை முடக்கச் சொல்லி வரித்துறையிடமிருந்து டிஆர்சி-13 நோட்டீஸ் வந்திருக்கிறது என்று ஒரு காகிதத்தை நீட்டினார்கள். அப்புறம்தான் போர்ட்டலைத் திறந்தே பார்த்தோம். 2018-19-க்கு, 3பி ரிட்டர்னில் எடுத்த இன்புட் கிரெடிட் (சரக்கு வாங்கும்போது கட்டிய வரிக்கான கழிவு), சப்ளையர்கள் காட்டியதை வைத்து வரும் 2ஏ பட்டியலில் இல்லையாம். வரி 3,80,000, அதன்மேல் 18 சதவீத வட்டி, 10 சதவீத அபராதம், எல்லாம் சேர்த்து ஏழரை லட்சம் தாண்டுகிறது. உத்தரவு போட்டது ஏப்ரல் 2024 கடைசி வாரம். இப்போது 2024 நவம்பர். தபாலில் ஒரு துண்டுக் காகிதம்கூட வரவில்லை. 2017-ல் ஜிஎஸ்டி பதிவு செய்தபோது கணக்கு எழுதுபவர் தன்னுடைய மெயிலையும் செல் நம்பரையும் கொடுத்துவிட்டார், அவர் இந்தத் தொழிலை விட்டே போய்விட்டார். அப்பீல் காலமும் முடிந்ததாம். சிலர் ஐகோர்ட் போ என்கிறார்கள், சிலர் வீண் செலவு என்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி வக்கீல்

நேரே ஐகோர்ட்டில் ரிட் மனு போடுங்கள், யோசிக்கவே வேண்டாம். 2018-19-க்கு ஜிஎஸ்டி சட்டம் 73-வது பிரிவில் உத்தரவு போடக் கடைசி நாள் 2024 ஏப்ரல் 30. அந்தக் கடைசி வாரத்தில் அவசர அவசரமாகப் போட்டுத் தள்ளிய உத்தரவுகளில் உங்களுடையதும் ஒன்று. பாதகமான உத்தரவு போடப் போகிறார்கள் என்றால் நேரில் விசாரிக்க வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று 75(4) சொல்கிறது. போர்ட்டலில் தேதியை ஏற்றிவிட்டு, ஆள் வரவில்லை என்று எழுதி முடித்துவிட்டால் அது வாய்ப்புக் கொடுத்ததாகுமா? சென்னை ஐகோர்ட்டில் இந்த வருடம் இதே மாதிரி வழக்குகள் எத்தனையோ வந்தன. பெரும்பாலும் ஒரே வகைத் தீர்வுதான்: சர்ச்சைக்குரிய வரியில் 10 சதவீதத்தைச் சில வாரங்களுக்குள் கட்டு, உத்தரவு ரத்து, நோட்டீஸுக்குப் பதில் கொடு, அதிகாரி உன்னைக் கேட்டு மறுபடி முடிவெடுக்கட்டும். சில வழக்குகளில் 25 சதவீதம் கேட்டிருக்கிறார்கள். உங்களுக்குப் பத்து என்றால் 38,000. கட்டியதும் கணக்கு முடக்கத்தையும் நீக்கச் சொல்லி அதே உத்தரவில் வாங்கலாம்.

லாங்பஜார் கணக்கு

வக்கீல் சார் சொல்வது எல்லாம் சரி, ஆனால் பாதிதான். ஐகோர்ட் உங்கள் கணக்கைப் பார்க்காது தம்பி. 3பி-க்கும் 2ஏ-வுக்கும் வித்தியாசம் ஏன் வந்தது என்று ஒரு வரிகூடக் கேட்காது. வழக்கைத் தூக்கி மறுபடி அதே அதிகாரி மேசையில் வைக்கும், அவ்வளவுதான். கையில் ஆதாரம் இல்லாதவன் 38,000-ஐயும் வக்கீல் ஃபீஸையும் கட்டிவிட்டு அதே 3,80,000 உத்தரவை இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டு வருவான். இந்த ஊரிலேயே அப்படி வாங்கி வந்த கடைக்காரர்கள் எனக்குத் தெரியும்.

அப்புறம் சட்டத்தையும் பாருங்கள். 107-வது பிரிவில் அப்பீலுக்கு மூன்று மாதம், காரணம் காட்டினால் இன்னும் ஒரு மாதம். ஆகஸ்டோடு முடிந்தது. அதற்கும் பத்து சதவீதம்தான் முன்பணம். கெடுவுக்குள் வந்தவனும் பத்து கட்டுகிறான், ஏழு மாதம் தூங்கியவனும் ஐகோர்ட் போய் அதே பத்தைக் கட்டி விசாரணையை முதலிலிருந்து தொடங்கிக்கொள்கிறான் என்றால் ஒழுங்காக இருப்பவனுக்கு என்ன மரியாதை? 2020-ல் கிளாக்சோ வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதைத்தான் சொன்னது, சட்டம் கொடுத்த கடைசிக் கெடுவும் தாண்டிய பிறகு ரிட் வழியாகச் சுற்றி வரக்கூடாது என்று.

"கணக்கு எழுதுபவர் சொல்லவில்லை" என்பது எல்லா மனுவிலும் இருக்கிற வரி. அந்தக் கணக்கு எழுதுபவர் வர்க்கத்தைச் சேர்ந்தவன் என்பதால் சொல்கிறேன், போர்ட்டலை மாதம் ஒரு தடவை திறந்து பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

சத்துவாச்சாரி வக்கீல்

ஐந்து நிமிடமா? அந்த நோட்டீஸ் எந்த மூலையில் கிடந்தது என்பதையும் சொல்லுங்கள் சார். போர்ட்டலில் "வியூ நோட்டீசஸ் அண்ட் ஆர்டர்ஸ்" என்று ஒரு இடம். அதைத் திறந்தால் காலி. அதற்கு வேறாக "வியூ அடிஷனல் நோட்டீசஸ்" என்று இன்னொரு இடம், அதற்குள்ளே போய் ஒவ்வொரு கேஸ் நம்பராகத் தட்டினால்தான் டிஆர்சி-01 நோட்டீஸ் கண்ணில் படும். முதல் இடம் காலியாக இருந்தால் யாராக இருந்தாலும் நமக்கு ஒன்றுமில்லை என்று மூடிவிடுவார்கள்.

நோட்டீஸ் சேர்ப்பிக்கும் 169-வது பிரிவில் போர்ட்டலும் ஒரு வழி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நேரில் கொடுப்பது, ரெஜிஸ்டர் தபால், மெயில், பத்திரிகை விளம்பரம், கதவில் ஒட்டுவது என்று மற்ற வழிகளும் அதே பிரிவில் இருக்கின்றன. மூன்று தடவை ஏற்றியும் ஆளிடமிருந்து சத்தமே இல்லை என்றால் நாலாவதாக ஒரு தபால் போட்டால் என்ன குறைந்துவிடும்? கடை ஓடுகிறது, பலகையில் ஜிஎஸ்டி எண் தொங்குகிறது, விலாசம் பதிவிலேயே இருக்கிறது. பணத்தைப் பிடிக்க மட்டும் பேங்க் விலாசம் சரியாகக் கிடைத்ததே!

கிளாக்சோ தெரியும். ஆனால் இயற்கை நீதி, அதாவது ஆளைக் கேட்காமல் முடிவெடுக்கக்கூடாது என்ற விதி, மீறப்பட்டிருந்தால் ஐகோர்ட்டுக்கு ரிட் அதிகாரம் தரும் அரசியலமைப்பின் 226-ஐ எந்தக் கெடுவும் பூட்டி வைக்க முடியாது.

வாணியம்பாடி தோல்ஷாப்

கணக்கு அண்ணன் பக்கம்தான் நான். எங்களுக்குக் கோர்ட் புதுசில்லை, 1996-ல் சுப்ரீம் கோர்ட் வேலூர் குடிமக்கள் நலப் பேரவை வழக்கில் சுற்றுச்சூழலைக் கெடுத்தவனே கட்டணும் என்று தோல் தொழிற்சாலைகளுக்குத் தீர்ப்புச் சொல்லி, மேற்பார்வைக்கு இதே சென்னை ஐகோர்ட்டில் பசுமை பெஞ்ச் வைக்கச் சொன்ன நாளிலிருந்து எங்கள் தொழிலில் எல்லோர் வீட்டிலும் ஒரு கேஸ் கட்டு இருக்கிறது. நான் சொல்ல வந்தது வேறு. 2022 ஜூலைக்கு முன் தோல் ஜாப் வொர்க்குக்கு 5 சதவீதம் வரி, நாங்கள் வாங்கிய கெமிக்கலுக்கு 18. மிச்சக் கிரெடிட்டைத் திரும்பக் கேட்டேன், மறுத்தார்கள், கெடுவுக்குள் அப்பீல் போட்டேன், ஜெயித்தேன். ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து இருட்டிலேயே கிளம்பிச் சென்னை போக வேண்டிய வேலை இல்லை, எல்லாம் மாவட்ட அளவிலேயே முடிந்தது. ஐகோர்ட் ஐகோர்ட் என்று சொல்லிச் சொல்லியே கீழே இருக்கிற அப்பீல் என்று ஒன்று இருப்பதையே வியாபாரிகள் மறந்துவிட்டார்கள்.

சத்துவாச்சாரி வக்கீல்

பாய், கெடுவுக்குள் வந்தால் நானும் அப்பீல்தான் போடச் சொல்வேன். இவர் கெடு முடிந்து மூன்று மாதம் கழித்து வந்திருக்கிறார். அப்பீல் அதிகாரிக்கு நாலு மாதத்துக்கு மேல் ஒரு நாள்கூட மன்னிக்க அதிகாரமில்லை. அதற்கு மேலே தீர்ப்பாயம் என்று ஒன்று சட்டப் புத்தகத்தில் 2017 முதல் இருக்கிறது, இந்த 2024 நவம்பர் வரை ஒரு அப்பீல்கூடக் கேட்டதில்லை. எங்கே போகச் சொல்கிறீர்கள்?

ஆற்காடு மகள்

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். உங்கள் சண்டையைப் படிக்கும்போது எரிச்சலாக வருகிறது, ஏனென்றால் இதே ஐகோர்ட்டில் எங்கள் அம்மாவின் இரண்டாவது மேல்முறையீடு 2016-ல் இருந்து கிடக்கிறது. பாகப்பிரிவினை. ஆற்காடு பக்கம் இரண்டு ஏக்கர் நஞ்சை, ஒரு வீடு. ஜிஎஸ்டி ரிட் போட்டவர்களுக்கு முதல் நாளே உத்தரவு கிடைத்துவிடுகிறது, அதுவும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி, பெயரையும் தொகையையும் மாற்றினால் போதும். அப்படி அச்சில் வார்க்கிற வேலைக்கு ஐகோர்ட் எதற்கு? துறையே ஒரு சுற்றறிக்கை போட்டு "பத்து சதவீதம் கட்டினால் மறுபடி கேட்கிறோம்" என்றால் அந்த நேரத்தில் எங்களை மாதிரி பத்துப் பேர் வழக்கையாவது கேட்கலாமே.

சத்துவாச்சாரி வக்கீல்

அக்கா, வரி ரிட் கேட்கிற நீதிபதி வேறு, எஸ்.ஏ. (இரண்டாவது மேல்முறையீடு) கேட்கிற நீதிபதி வேறு. யார் எந்த வழக்கைக் கேட்பது என்ற ரோஸ்டர் தலைமை நீதிபதி போடுவது. அது குறைந்தால் இது வேகமாகும் என்று சொல்ல முடியாது. தவிர சிவில் நடைமுறைச் சட்டம் 100-வது பிரிவில் முக்கியமான சட்டக் கேள்வி ஒன்று இருந்தால்தான் எஸ்.ஏ. உள்ளே நுழையும். உங்கள் வழக்கில் என்ன கேள்வி?

ஆற்காடு மகள்

ரோஸ்டர் வேறு, சரி. ஆனால் அந்த ரோஸ்டருக்கு ஒரு நீதிபதியை ஒதுக்கினால் இந்தப் பக்கம் ஒருவர் குறைகிறாரா இல்லையா?

கேள்வி இதுதான். அம்மாவுக்குக் கல்யாணம் 1983. தமிழ்நாட்டுத் திருத்தம் 1989 மார்ச் 25-க்கு முன் கல்யாணமான பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு இல்லை என்றது. 2005-ல் மத்திய அரசின் திருத்தம் அந்தக் கட்டுப்பாடு இல்லாமல் வந்தது, உடனே வழக்குப் போட்டோம். தாத்தா 2001-லேயே இறந்துவிட்டார், 2005 செப்டம்பர் 9-ல் அப்பா உயிரோடு இருந்தால்தான் மகளுக்கு உரிமை என்று 2015 தீர்ப்பைக் காட்டி மாவட்டக் கோர்ட்டில் தோற்றோம். 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் சுப்ரீம் கோர்ட் அதை மாற்றியது, அப்பா உயிரோடு இருக்க வேண்டியதில்லை, உரிமை பிறப்பால் வருகிறது என்று. இப்போது மாமாக்கள் புதிதாக ஒரு கூர்சீட்டை (பாகம் பிரித்ததற்கான குறிப்பு) எடுத்து வருகிறார்கள், 1998-லேயே வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டோம் என்று. பதிவு செய்யாத வெள்ளைத்தாள். நாலு மடிப்பு, மடிப்பெல்லாம் பழுப்பு, ஆனால் மை மட்டும் பளிச்சென்று இருக்கிறது.

லாங்பஜார் கணக்கு

ஹாஹா. அந்தச் சீட்டு நிற்காதம்மா, 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பத்திரமோ கோர்ட் டிக்ரியோ இருக்க வேண்டும், வாய்மொழிப் பிரிவினையை அரசு ஆவணம் ஏதாவது துணைக்கு இருந்தால்தான் அபூர்வமாக ஏற்பார்கள் என்று அதே தீர்ப்பிலேயே இருக்கிறது. சிட்டா, பட்டா 1998-க்குப் பிறகு யார் பேரில் மாறியது என்று தாலுகா ஆபீஸில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். தனித்தனியாக மாறாமல் தாத்தா பேரிலேயே இருந்தால் சீட்டின் கதை முடிந்தது. ஒன்று மட்டும் சொல்வேன், கோபப்படாதீர்கள்: 2016-லேயே உங்கள் வழக்கைக் கேட்டிருந்தால் 2015 தீர்ப்பைக் காட்டித் தள்ளியிருப்பார்கள்.

ஆற்காடு மகள்

தெரியும். அம்மாவும் அதைத்தான் சொல்கிறார். அதற்காகக் காக்க வைத்ததற்கு நன்றி சொல்ல முடியாது.

பாலாற்றங்கரை

நான் கேட்டதற்கு வாங்க. ஆதாரம் இருக்கிறதா என்று கணக்கு அண்ணன் கேட்டதால் சித்தப்பாவை உட்கார வைத்துப் பழைய பைலைப் பிரித்தேன். வித்தியாசத்தில் பெரும்பகுதி காட்பாடியில் இருக்கிற ஒரே ஏஜென்சியின் பில்கள். பில் இருக்கிறது, பேங்க் வழியாகப் பணம் கொடுத்ததும் இருக்கிறது. அவர்கள் தங்கள் விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1-ல் நம் ஜிஎஸ்டி எண்ணைப் போடாமல் சில்லறை விற்பனை என்று காட்டிவிட்டார்களாம். மிச்சம் சேண்பாக்கத்தில் இருந்த ஒரு பைப் வியாபாரி, கடை இப்போது இல்லை.

சத்துவாச்சாரி வக்கீல்

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே தம்பி! 2022 டிசம்பர் 27-ல் வந்த 183-ஆம் சுற்றறிக்கை இதற்காகவே போட்டது. 2017-18, 2018-19 இரண்டு வருடத்துக்கும், சப்ளையர் சில்லறை என்று காட்டிவிட்டாலோ தப்பான எண் போட்டிருந்தாலோ, அவர் வரி கட்டியதற்குச் சான்று வாங்கிக் கொடுத்தால் போதும். ஒரு சப்ளையருக்கு வித்தியாசம் 5 லட்சத்துக்கு மேல் என்றால் ஆடிட்டர் சான்று, அதற்குக் கீழே என்றால் சப்ளையரே எழுதிக் கொடுக்கலாம். இப்படி ஒரு ஆதாரத்தை வைத்துக்கொண்டு 3,80,000-ஐக் கட்டுவது பாவம். ரிட்தான்.

லாங்பஜார் கணக்கு

ஆதாரம் இருப்பதால் பாதி வழி உங்களோடு வருகிறேன், மீதி வரமாட்டேன். ஜிஎஸ்டி சட்டத்தில் புதிதாக வந்த 128ஏ பிரிவையும் தம்பி பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். 73-வது பிரிவில் 2017-18 முதல் 2019-20 வரையிலான உத்தரவுகளுக்கு, வரியை மட்டும் 2025 மார்ச் 31-க்குள் முழுதாகக் கட்டினால் வட்டியும் அபராதமும் தள்ளுபடி. இவருக்கு அது 3,80,000-ஐப் போல மறுபடி ஒரு பங்கு மிச்சம். கோர்ட்டும் இல்லை, சென்னையும் இல்லை. ஆனால் அதற்கு ரிட்டை வாபஸ் வாங்க வேண்டும், முடித்துக் கொடுத்த பிறகு அப்பீலும் கிடையாது. ஏஜென்சிக்காரன் கடிதம் கொடுப்பான் என்று நம்பி ரிட் போட்டு, அவன் இழுத்தடித்து, மார்ச் 31-ம் போய்விட்டால் ஏழரை லட்சமும் தலையில்தான்.

சத்துவாச்சாரி வக்கீல்

நோட்டீஸ் நிலைக்குத் திரும்பினாலும் மார்ச் 31 வரை 128ஏ திறந்துதான் இருக்கிறது சார். இப்போதே ரிட் போட்டு, கணக்கை விடுவித்து, கடிதத்தோடு பதில் கொடுத்து, அதிகாரி மசியவில்லை என்றால் கடைசி வாரத்தில் கட்டட்டும். கடை பேங்க் கணக்கு இல்லாமல் எத்தனை நாள் ஓடும்?

லாங்பஜார் கணக்கு

கடைசி வாரத்தில் போர்ட்டல் எப்படி வேலை செய்யும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பாலாற்றங்கரை

சித்தப்பா ரிட்டுக்கே சம்மதித்துவிட்டார். முக்கியக் காரணம் பேங்க் கணக்கு. திங்கட்கிழமை காட்பாடி ஏஜென்சிக்குப் போகிறோம்.

லாங்பஜார் கணக்கு

போகும்போது வெறும் லெட்டர்ஹெட்டில் "வரி கட்டிவிட்டோம்" என்று வாங்கி வராதே. பில் நம்பர், தேதி, மதிப்பு, வரி, எந்த மாத 3பி-யில் கட்டினார்கள் என்பது வரைக்கும் பில் வாரியாக வேண்டும், அவர்கள் எண்ணும் சீலும் கையெழுத்தும் வேண்டும். அங்கேயே உட்கார்ந்து டைப் அடித்து வாங்கு, அனுப்புகிறேன் என்றால் எழுந்திருக்காதே. சேண்பாக்கம் ஆளின் பில்லைத் தனியாக எடுத்து வை. ஆள் கிடைக்காவிட்டால் அந்தப் பகுதிக்கு ரிட் ஜெயித்தும் பிரயோஜனமில்லை. அப்புறம் முதல் வேலையாகப் போர்ட்டலில் மெயிலையும் செல் நம்பரையும் சித்தப்பா பேருக்கு மாற்று. மறு விசாரணைத் தேதியும் அங்கேதான் வரும்.